மேட்டு வீட்டுச் சிவப்புத் தண்ணி

ஜூன் 3, செவ்வாய்

ஏலக்காய்க் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை நாளாகப் பஞ்சவர்ணம் இதன் மேல் இட்லிச் சட்டியை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இன்று பிடுங்கிக்கொண்டேன். கரண்டியால் ஒன்று வைத்தாள். கட்டிய மனைவி கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

எழுதச் சொன்னது சிக்கந்தர் பாய். போடியில் என் ஜீப்புக்கு அவர்தான் டாக்டர். மகள் கல்யாணம் என்று பட்டறையைச் சாத்திவிட்டுத் திருச்சிக்குப் போய்விட்டார். போனில் பிடித்தேன்.

"பாய், வண்டி தண்ணி தண்ணியாக் குடிக்குது. ஒன்னுக்குப் போற எடந்தான் தெரியல."

"தெனமும் எம்புட்டுக் குடிக்குதுன்னு எழுதி வையி சுருளி. சூட்டுல ஒழுகுதா, ஆறுனப்பறம் ஒழுகுதான்னு பாரு. நான் வந்து பாத்துக்கறேன். வெறுந் தண்ணி ஊத்தாத, உள்ள துருப் புடிச்சிரும். கூலன்ட் வாங்கி ஊத்து."

ஒரு கேன் வாங்கினேன். ரோஸ்மில்க் மாதிரி அப்படி ஒரு சிவப்பு. விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். இனிக்கிறது! அதையும் பாயிடம் சொன்னேன்.

"அடேய் கூறுகெட்டவனே, அது வெசம்டா! இனிக்குதுன்னு நாயி கீயி நக்கிரும், பாத்துக்க."

"எங்க தெரு நாய்க்கெல்லாம் சக்கர வியாதி பாய். இனிப்பத் தொடாதுக."

அவர் சிரிக்கவில்லை. கல்யாண வீட்டுக்காரர், பாவம்.

வண்டி குடித்தது: ஒரு செம்பு.

ஜூன் 5, வியாழன்

ஏலத்தோட்டத்துக்குக் கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போகும்போது பாதி மலையிலேயே சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. பானெட்டுக்குள் இருந்து புகை. எல்லாரையும் இறக்கி நடக்க விட்டேன்.

"ஏண்ணே, காசு குடுத்து நடக்குறதுக்கு நாங்க பழனிக்கே போயிருப்பம்ல?" என்றாள் ஒருத்தி.

"அங்க மொட்ட போட்டுருவாய்ங்க ஆத்தா. நான் அதுவும் செய்யல பாரு."

சோற்றுத் தூக்குச்சட்டியால் முதுகில் அடித்தாள். தட்டியதுதான். ஆனால் உள்ளே குழம்பு இருந்தது.

வீட்டுக்கு வந்து வண்டிக்கு அடியில் அட்டையை விரித்தேன். எங்கள் வீடு மேட்டில். ஜீப்பை மூக்கு மேலே பார்க்க நிறுத்துவேன். சொட்டு பின்னால் விழுகிறது. ரேடியேட்டரோ முன்னால் இருக்கிறது. முன்னால் குடித்துப் பின்னால் விடுவது நம்மைப் போலத்தான், ஆனால் வண்டிக்கு அப்படிக் கிடையாதே. மண்டை குழம்பிப் போனேன்.

அட்டையைத் தாண்டியும் ஓடி, சரிவில் இறங்கி, கீழ்வீட்டு வாசலில் போய்த் தேங்கியிருக்கிறது. கீழ்வீடு காசிமாயனுடையது. செங்கல் சூளையில் வேலை பார்க்கிறவன், கை இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும். எனக்கு மாப்பிள்ளை முறை. மாமன் மாப்பிள்ளையைக் கேலி செய்யாவிட்டால்தான் எங்கள் பக்கம் குற்றம்.

"மாமா, இது என்ன எங்க வாசல்ல செவப்புத் தண்ணி?" என்று மேலே வந்து கேட்டான்.

"எங்க வீட்டுப் பீடையச் சுத்திக் கழிச்சு ஆலாத்தித் தண்ணி ஊத்திருக்கேன் மாப்ள. இனி எங்க பீடையெல்லாம் ஒங்க வீட்டுக்கு. நல்லா வச்சுக்கங்க."

அவன் முகம் செத்துப்போனது. இப்படிப் பயப்படுகிறவனைக் கேலி செய்வதில் ஒரு ருசி இருக்கிறது.

வண்டி குடித்தது: ஒன்றரைச் செம்பு.

ஜூன் 6, வெள்ளி

காசிமாயன் வீட்டு நாய் சிங்கம் செத்துவிட்டது. காலையில் இருந்தே தள்ளாடியது. மத்தியானம் வாயில் நுரை தள்ளி, தன் பின்னங்காலைத் தானே கடித்துக் குதறி, வாசலெல்லாம் உருண்டது. ஊளை மலையில் பட்டுத் திரும்பி வந்தது. காசிமாயனால் பார்க்க முடியவில்லை. கடப்பாரையை எடுத்து வந்து தலையில் ஒரே போடு. அவன் மகள் பேச்சி, நாலு வயசு, வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கவுனில் தெறித்தது.

வயசான நாய். வெயில் வேறு.

மூன்று வயசு நாய் என்கிறாள் பஞ்சவர்ணம். அவளுக்குக் கணக்கு எப்போதும் வராது.

ஜூன் 7, சனி

காசிமாயன் கோடாங்கியிடம் போய்க் குறி கேட்டிருக்கிறான். "மேட்டுல இருந்து எறங்குதுப்பா. நாயி முந்திக்கிச்சு. அடுத்தது மனுச உசிரு" என்று உடுக்கையைத் தட்டிச் சொல்லிவிட்டானாம் அந்தப் புண்ணியவான்.

நான் பானெட்டைத் திறந்து ஓஸ் குழாய்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் சத்தம். அதே கடப்பாரை. முன் கண்ணாடி முழுவதும் சோளப்பொரி மாதிரிச் சிதறியது.

"விடுறா மாப்ள, நல்லாக் காத்து வரும்" என்றேன்.

"சொல்லுய்யா! என்னத்தக் கழிச்சு ஊத்துன?"

"ஒம்மாமியாளத்தான்."

சொல்லியிருக்க வேண்டாம். என் பிடரியைப் பிடித்துப் பானெட் விளிம்பில் முகத்தை இடித்தான். ஒரு தடவை, இரண்டு தடவை. மூக்கு உள்ளுக்குள் முருங்கைக்காய் மாதிரி ஒடியும் சத்தம் எனக்கே கேட்டது. கையில் ஜாக்கிக் கம்பி இருந்தது. திரும்பி வீசினேன். அவன் காது பாதி கிழிந்து தொங்கியது. அதோடு என் மேல் விழுந்தான். இரண்டு பேரும் கண்ணாடித் தூள் மேல் புரண்டோம். அவன் ரத்தம் என் வாயில், என் ரத்தம் அவன் கண்ணில். அவன் தொண்டையை அமுக்க, நான் காதைப் பிடித்துத் திருக, பஞ்சவர்ணம் வந்து இருவர் மேலும் மிளகாய்த்தூளைக் கொட்டினாள். பாரபட்சம் பார்க்காத மகராசி.

அதன்பிறகு ஒருத்தருக்கு ஒருத்தர் கண் தெரியவில்லை. தடவித் தடவி அவரவர் வீட்டுக்குப் போனோம்.

ஜூன் 8, ஞாயிறு

கஞ்சி மூக்கு வழியாக வருகிறது. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 9, திங்கள்

காசிமாயன் பெண்சாதி பாண்டீஸ்வரி மேலே வந்தாள். பன்னிரண்டாவது படித்த பிள்ளை, என் காலைப் பிடித்தாள்.

"மாமா, அவுக செஞ்சது தப்புத்தான். ஆனா எனக்குப் பேச்சிக்கு முன்னாடி ரெண்டு பெறந்து ரெண்டும் தங்கல. இருக்கது இது ஒன்னுதான். நீங்க சூனியம் வச்சீகன்னு நான் சொல்லல. அந்தத் தண்ணி மட்டும் எங்க வாசலுக்கு வர வேணாம்."

"சூனியமும் இல்ல, கீனியமும் இல்ல ஆத்தா. வண்டித் தண்ணி."

"என்ன தண்ணியோ. வர வேணாம் மாமா."

சரி என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

துணி ஊறவைக்கிற நீல பேசினை எடுத்து வண்டிக்குப் பின்னால் சொட்டு விழுகிற இடத்தில் வைத்தேன். இனி ஒரு துளி கீழே ஓடாது. கூலன்ட் விற்கிற விலைக்கு, விழுந்ததை வடிகட்டி மறுபடியும் ஊற்றிக்கொள்ளலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பாயிடம் சொன்னால் மெச்சுவார்.

ஜூன் 11, புதன்

வண்டி ஓட்டவில்லை. மூக்கு வீங்கி ஒரு கண்ணை மறைக்கிறது. ஆனாலும் ஒன்று கண்டுபிடித்தேன். சூட்டில்தான் ஒழுகும், ஆறினால் நின்றுவிடுகிறது. காலையில் எஞ்சினை ஓடவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றை உள்ளே பிடித்துப் பார்த்தேன். வாட்டர் பம்ப்புக்கு அடியில் ஒரு சின்னத் துவாரம், அதிலிருந்து நூல் மாதிரி இறங்குகிறது. வண்டியின் அடிச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடி அங்கே போய்ச் சொட்டுகிறது. வண்டி மூக்கைத் தூக்கி நிற்பதால் வந்த கூத்து. பம்ப்பைத்தான் மாற்ற வேண்டும்.

மத்தியானம் பேச்சி எங்கள் சுவரோரமாக நடந்து போனாள். இந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு, அந்தப் பக்கம் ஒரு சாய்ப்பு. சுவரில் முட்டிக்கொண்டு சிரிக்கிறாள்.

"என்னத்தா, ஒங்கப்பன் ஒளிச்சு வச்சத நீ கண்டுபிடிச்சுட்டியா? நட அப்பிடியே ஒங்கப்பன் நடையால்ல இருக்கு!"

கையைக் கொட்டிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். உதட்டைச் சுற்றிச் சிவப்பாக ஏதோ. சவ்வு மிட்டாய் தின்றிருப்பாள்.

பேசினில் ஒன்றும் இல்லை. நல்ல வெயில், காய்ந்திருக்கும்.

அதே நாள், பொழுது சாய

கீழ்வீட்டில் உடுக்கைச் சத்தம். பேச்சி வாந்தி எடுத்து மயங்கிக் கிடக்கிறாளாம். கோடாங்கி வந்து பேயோட்டுகிறானாம்.

பஞ்சவர்ணம் பாத்திரத்தைத் தேய்த்தபடி கேட்கிறாள். "ஏங்க, அந்த பேசின்ல காலைல அரைச் செம்புக்குமேல கெடந்துச்சே, எங்கிட்டுப் போச்சு?"

நான் கீழே போய்விட்டு வருகிறேன்.

ஜூன் 14, சனி

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது. முன்னாலும் அப்படித்தான் இருந்தது என்கிறாள் பஞ்சவர்ணம்.

அன்றைக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். வாசலெல்லாம் ஆள். நடுவில் மஞ்சள் பொடியில் கட்டம் போட்டுப் பேச்சியை உட்கார வைத்திருந்தார்கள். தலை நிற்கவில்லை. கோடாங்கி வேப்பங்குழையால் முகத்திலும் முதுகிலும் விளாசிக்கொண்டிருந்தான். "போறியா? போறியா?" ஒவ்வோர் அடிக்கும் பிள்ளை லேசாக முனகியது. பிறகு அதுவும் இல்லை.

என்னைப் பார்த்ததும் காசிமாயன் கடப்பாரையோடு எழுந்தான்.

"மாப்ள, அடி. ஆனா கேட்டுட்டு அடி. பிள்ள எங்க பேசின்ல இருந்த தண்ணியக் குடிச்சிருச்சு. அது வெசம்."

"பாத்தீகளா! வாயாலயே ஒத்துக்கிட்டான்!" என்று கத்தினான் கோடாங்கி.

கும்பல் என் மேல் விழுந்தது. யார் கால், யார் கை என்று தெரியாது. அடிவயிற்றில் மிதித்தார்கள். கேனை விடாமல் வலது கையை உயர்த்திப் பிடித்திருந்தேன். கடப்பாரை அந்தக் கையில்தான் இறங்கியது. மணிக்கட்டு வேறு பக்கம் பார்த்துத் திரும்பி நின்றது.

"வெளையாட்டு இல்லடா! நாயும் அதக் குடிச்சுத்தான் செத்துச்சு! எனக்குத் தெரியும்டா! மொதல்லயே தெரியும்!"

யாரும் நம்பவில்லை. கூட்டத்தில் ஒருத்தன் சிரிக்கக்கூடச் செய்தான். சுருளியாண்டி அடி வாங்கும்போதும் கேலி பேசுகிறான் என்று. இந்த ஊரில் நான் இதுவரை சொன்னது எதையும் யாரும் நம்பியதில்லை. நம்பவும் வேண்டியிருக்கவில்லை.

கேன் உருண்டு பாண்டீஸ்வரி காலடியில் போய் நின்றது. அவள் எடுத்துப் பார்த்தாள். பின்பக்கத்தில் சின்னதாக மண்டை ஓடு படம். ஏதோ இங்கிலீஷில் எழுதியிருக்கிறது, நான் சும்மா அழகுக்குப் போட்ட படம் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் உதடு அசைய அசையப் படித்தாள். என்னைப் பார்த்தாள்.

"இதா மாமா? சத்தியமா இதையா குடிச்சா?"

"ஆமா ஆத்தா."

கோடாங்கி மறித்தான். நெஞ்சில் கை வைத்து அவனை உடுக்கையோடு தள்ளினாள். அவன் மல்லாந்தான். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "வண்டிய எடுங்க" என்றாள்.

"ஓட்ட ஒழுகுது ஆத்தா, நடுவுல நின்னுரும்."

"எடுங்கன்னா எடுங்க!"

ஆம்புலன்ஸ் போடியில் இருந்து மேலேறி வர எவ்வளவு நேரம் ஆகுமோ. கோடாங்கியின் தட்டில் இருந்த மஞ்சள் பொடி முழுவதையும் ரேடியேட்டருக்குள் கொட்டினேன். டிரைவர்கள் கைவைத்தியம் அது, பொடி போய்த் துவாரத்தில் அடைக்கும். மேலே இரண்டு குடம் தண்ணீர். இடது கையால் ஸ்டீயரிங் பிடித்தேன். கிளட்ச் நான், கியர் காசிமாயன். "ரெண்டு!" என்பேன், போடுவான். "மூனு!" என்பேன், போடுவான். முன் கண்ணாடி இல்லாமல் பூச்சியும் புழுதியும் முகத்தில் அடித்தது. நல்ல காத்து வந்தது.

ஊரைத் தாண்டியதும் முள் ஏற ஆரம்பித்தது. வாய்க்கால் பாலத்தருகே நிறுத்தினேன். "துணியப் போட்டுக் கொஞ்சங் கொஞ்சமாத் தெற மாப்ள, கொதிக்கும்" என்று சொல்லி முடிப்பதற்குள் வெறுங்கையால் மூடியைத் திருகிவிட்டான். கொதி மஞ்சள் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீறியது. முழங்கை வரை தோல் வாழைப்பூ மடல் மாதிரிச் சுருண்டு உரிந்தது. கத்தவில்லை. வாய்க்காலில் குடத்தை அமிழ்த்தினான். "எஞ்சினு ஓடட்டும், மெதுவா ஊத்து" என்றேன். ஊற்றினான், மூடினான். பிறகு அதே உரிந்த கையால் என் செவிட்டில் ஒன்று விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

"கெளப்பு" என்றான்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா கேனை வாங்கிப் படித்தார். "இத எடுத்துட்டு வந்தீங்களே, நல்லது" என்றார். இந்த விஷத்துக்குச் சாராயம்தான் மாற்றாம். அளவு கணக்குப் பார்த்து அவர்களே குழாய் வழியாகக் கொடுக்க வேண்டுமாம். கைவசம் இல்லை, சீல் உடைக்காத பிராந்தி ஒன்று வாங்கி வாருங்கள் என்றார். நாலு வயசுப் பிள்ளைக்குப் பிராந்தி வாங்கக் காசிமாயன் உரிந்த கையோடு ஓடினான்.

என் நாக்கு நுனியில் மூன்று கேலி வந்து நின்றது. விழுங்கிவிட்டேன். கஞ்சியை விட அது சிரமம்.

ஜூன் 16, திங்கள்

பிள்ளை இன்னும் கண் திறக்கவில்லை. சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று மிஷினில் வைத்து ரத்தத்தைக் கழுவுகிறார்கள். பாண்டீஸ்வரி வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். என்னைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்கிறாள்.

விஷம் என்பதால் போலீஸ் வந்தது. ஊரில் விசாரித்திருக்கிறார்கள். பீடையைக் கழித்து ஊற்றினேன் என்று நான் சொன்னதையும், விஷம் என்று எனக்கு முதலிலேயே தெரியும் என்று கத்தியதையும் ஆளாளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் காசிமாயனிடம் கேட்டார்.

"இந்தாளு வேணும்னே வச்சானா? சொல்லு, இப்பவே ஜீப்புல ஏத்துறேன்."

காசிமாயன் என் பக்கம் திரும்பினான். காதில் தையல், கையில் கட்டு.

"இல்ல சார். பிள்ள தெரியாமக் குடிச்சிருச்சு."

அவர் போனபிறகு பக்கத்தில் போனேன். கும்பிட ஒரு கைதான் இருந்தது.

"ஒன்ன உள்ள வச்சுட்டா நான் யாரப் போயி அடிக்கிறது?" என்றான். "கட்டுப் பிரிக்கட்டும். நொண்டிக் கையனை அடிச்சான்னு பேரு வேணாம் எனக்கு."

ஜூன் 19, வியாழன்

பேச்சி ஒன்னுக்குப் போனாள். நர்ஸ் பையைத் தூக்கிக் காட்ட, காசிமாயன் சுவரில் தலையை முட்டி முட்டி அழுதான். நெற்றி உடைந்தது. அதற்கும் தையல் போட்டார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

பம்ப் வாங்கி வந்தேன். மாட்ட எனக்குக் கை இல்லை. பாய் இன்னும் திருச்சியில். பஞ்சவர்ணம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

முதலில் ரேடியேட்டர் அடித்திருகைத் திறந்து, மிச்சத் தண்ணீரைச் சிந்தாமல் கேனில் பிடித்தோம். பிறகு பெல்ட்டைத் தளர்த்தி, ஃபேனை எடுத்து, போல்ட் ஒவ்வொன்றாக.

"எடப்பக்கம் திருப்புடி."

"எடப்பக்கந்தான் திருப்புறேன்."

"அது சோத்தாங்கைப் பக்கம். தாலி கட்டும்போதும் இப்படித்தான் மாறி உக்காந்த."

ஸ்பானர் வந்து கட்டுப் போட்ட கையில் விழுந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. அவள் சிரிக்கவில்லை, அழுதுகொண்டிருந்தாள்.

"நாயி செத்த அன்னைக்கே ஒனக்குத் தெரியும்ல?" என்றாள்.

பழைய பம்ப்பைக் கழற்றிச் சுற்றிக் காட்டினாள். தண்டு லொடலொடவென்று ஆடியது, சீல் தேய்ந்து போயிருந்தது. புதுப் பம்ப்பை வைத்து, இடையில் கேஸ்கட் அட்டை கொடுத்து, போல்ட்டுகளைச் சமமாக முடுக்கினாள். மஞ்சள் போக உள்ளே திரும்பத் திரும்பக் கழுவி, புதுக் கூலன்ட் ஊற்றினோம். கேன்களை ஆணி அடித்த பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலியோடு கோத்துக்கொண்டாள்.

எஞ்சினை ஓடவிட்டு அட்டையை விரித்தோம். ஒரு பொட்டுக்கூட விழவில்லை. அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஜூலை 4, வெள்ளி

பேச்சி வீட்டுக்கு வந்துவிட்டாள். மெலிந்து வேப்பங்குச்சி மாதிரி இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அம்மா சேலைக்குள் போய்விட்டாள்.

ஜூலை 24, வியாழன்

கட்டுப் பிரித்தார்கள். கை கொஞ்சம் கோணல்தான், ஆனால் மடங்குகிறது. வீட்டுக்குப் போகாமல் நேராகக் கீழ்வீட்டு வாசலில் போய் நின்றேன்.

காசிமாயன் வெளியே வந்தான். என் கையைப் பார்த்தான்.

"பிரிச்சாச்சா?"

"ஆச்சு."

"மடங்குதா?"

மடக்கிக் காட்டினேன்.

செங்கல் தூக்குகிற கை. முதல் அடி தாடையில். முழங்கால் மடிந்தது. சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி இரண்டாவது. தெரு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. வாயில் உப்பும் இரும்பும். கையை ஓங்கவில்லை நான். வாயையும் திறக்கவில்லை. மூன்றாவதற்கு ஓங்கிய கை அப்படியே நின்றது. ஒரு நிமிடம் என் முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தான். எங்காவது சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தானோ என்னவோ.

நான் துப்பினேன். ரத்தத்தோடு பல் ஒன்று அவன் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். தோள் இரண்டும் இறங்கின. இத்தனை நாளில் முதல் தடவையாக மூச்சை முழுதாக விட்டான்.

"போங்க மாமா" என்றான்.

அது மூன்று மாதமாக ஆடிக்கொண்டிருந்த சொத்தைப் பல். மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை.